அறுவைக்குப் பிறகான ஐந்து ஆண்டுகள்

முத்துலட்சுமி ரெட்டி என்றதும் தேவதாசி ஒழிப்பும் சட்டமன்றமும் நினைவுக்கு வரும். 1923-இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தது அந்தப் பட்டியலில் ஓரமாகவே நிற்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவ வரலாற்றை நான் அந்த மரணத்திலிருந்தே வாசிக்கிறேன். 31 ஆண்டுகள் கழித்து, 1954-இல், அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறந்தது. அதற்கு நிதி திரட்டியவர்கள் இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள். மறு ஆண்டு அங்கே சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021-இல் இறக்கும்வரை அந்த நிலையத்துக்காகவே வாழ்ந்தார்.

மலக்குடலை அகற்றி, மலம் வெளியேற வயிற்றில் வழி அமைக்கும் அறுவையை 1908-இல் விளக்கி எழுதியவர் லண்டன் மருத்துவர் மைல்ஸ். அவர் பெயர் மருத்துவ நூல்களில் நிலைத்தது. அந்த வழியோடு வாழக் கற்றுக்கொடுத்தவர்கள் பெயரை எத்தனை பேர் அறிவோம்? அமெரிக்காவில் நார்மா கில் என்ற பெண்ணுக்கே அப்படி வயிற்றில் வழி அமைக்கப்பட்டிருந்தது. 1958 முதல் கிளீவ்லாந்து மருத்துவமனையில் மற்ற நோயாளிகளுக்குப் பை பொருத்தவும் தோலைப் புண்ணாகாமல் காக்கவும் அவர் சொல்லிக்கொடுத்தார். பிறகுதான் அது ஒரு தொழிலாக மதிக்கப்பட்டது.

அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை. நோய் திரும்பினால், பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. அதனால் தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, குறித்த இடைவெளியில் ஸ்கேன், ஓராண்டில் குடல் உள்நோக்கிச் சோதனை என்று ஐந்து ஆண்டுகள் கண்காணிக்கிறார்கள். சீக்கிரம் கண்டால், கல்லீரலுக்குப் பரவியதைக்கூடச் சிலருக்கு அறுத்து நீக்க முடிகிறது.

ஜெகதளாவிலிருந்து பார்த்தால் இந்த அட்டவணைக்கு வேறு பொருள். குன்னூர் இறங்கி, மலைப்பாதையில் மேட்டுப்பாளையம் கடந்து கோவை போய்வர ஒரு முழுநாள். அடையாறு என்றால் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவும் சேரும். காப்பீட்டு அட்டை அறுவைக்குக் கைகொடுக்கலாம். கொழுந்து பறிக்காத நாளின் கூலியை யார் தருவார்கள்? கணவனின் பரிசோதனைக்கு மனைவி தேதி வைத்திருப்பாள். அவளுடைய முறை வரும்போது, “இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்று தேதியைத் தள்ளிப்போடுவாள். பையோடு பஸ்ஸில் போகும் கூச்சத்தை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள்.

முத்துலட்சுமி தங்கையின் மரணத்தை வீட்டுத் துக்கமாக முடித்துவிடவில்லை, பொதுக் கடமையாக்கினார். மருத்துவமனை கட்டியது அதன் முதல் பாதி. மலையிலேயே ரத்தப் பரிசோதனை, பை பொருத்தத் தெரிந்த செவிலியர், போய்வரும் நாளுக்குக் கூலியோடு விடுப்பு: இவை மிச்சப் பாதி. அதைக் கேட்டுப் பெறுவது நம் தலைமுறையின் வேலை.