எடையில் மோசடி: சட்டம் என்ன சொல்கிறது?

அளவில் மோசடி செய்வோரின் பெயரையே கொண்டது குர்ஆனின் 83-வது அத்தியாயம். நாட்டுச் சட்டத்திலும் இது குற்றம்தான். பொய்த் தராசு, பொய் எடைக்கற்களைத் தெரிந்தே பயன்படுத்தினால் ஓராண்டு வரை சிறை என்றன இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 264, 265 பிரிவுகள். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த அத்தியாயமே இல்லை. அதற்காக யாரும் தப்பிவிட முடியாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது.

கொடைக்கானல் மலைப்பூண்டையே எடுத்துக்கொள்வோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற, விலை கூடிய சரக்கு. கிலோவுக்கு 50 கிராம் அடித்தால் 50 கிலோ மூட்டையில் விவசாயிக்கு இரண்டரை கிலோ போய்விடும். தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று நாம் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் தரலாம்.