இரண்டு ஃபுட்பால் வீரர்கள், இரண்டு பிரிவுபசாரங்கள்

ஃபுட்பால் என்றதும் பெக்காம், ரொனால்டோ என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் மன்னிக்கவும். இது அமெரிக்கர்களின் ஃபுட்பால். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், கையில் முட்டை வடிவப் பந்து என்று ஓடுவார்களே, அது. இதில் தடுப்பாட்டக்காரரின் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பந்தோடு வருகிறவனை இடித்துக் கீழே தள்ள வேண்டும்.

அப்படி இடித்துத் தள்ளியே ஒரு ஊரின் செல்லப்பிள்ளையானவர் பிரையன் டாகின்ஸ். அணி பிலடெல்ஃபியா ஈகிள்ஸ். 2009-இல் அவர் அணியை விட்டுப் போனபோது அந்த ஊர் நடந்துகொண்ட விதம்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு 16 வருடம் பின்னால் போய் ஆரம்பித்தால்தான் கதை புரியும்.

முதலில் பிலடெல்ஃபியா ரசிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவிலேயே முரட்டு ரசிகர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். 1968 டிசம்பரில் மைதானத்துக்கு வந்த கிறிஸ்துமஸ் தாத்தா மீதே பனிக்கட்டி உருண்டைகளை எறிந்தவர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் இவர்களுக்காகவே பழைய வெட்டரன்ஸ் மைதானத்துக்குள் ஒரு நீதிமன்றம் நடந்தது. நீதிபதி அங்கேயே உட்கார்ந்து அபராதம் போடுவார்! அணி 1960-இல் கோப்பை வென்றதோடு சரி. அடுத்த கோப்பைக்கு 2018 வரை காத்திருந்தார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

இப்போது 1993. அன்றைய ஈகிள்ஸ் தடுப்பின் தூண் ரெஜி வைட். எதிரணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை, எறிவதற்கு முன்பே பிடித்துச் சாய்ப்பதற்கு 'சாக்' என்று பெயர். வைட் ஈகிள்ஸுக்காக 121 ஆட்டங்களில் 124 சாக் எடுத்தார். அதாவது ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல். அதுவரை ஒப்பந்தம் முடிந்த வீரர்கூட விரும்பிய அணிக்குச் சுலபமாகப் போக முடியாது. அதை எதிர்த்து வீரர்கள் போட்ட வழக்கில் முதல் பெயரே வைட்டுடையதுதான். வழக்கு சமரசத்தில் முடிந்து, 1993-இல் வீரர்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது. அந்தச் சுதந்திரத்தோடு வைட் போன இடம் கிரீன் பே. நான்கு வருடம், 1 கோடியே 70 லட்சம் டாலர்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஈடாக, 1994 முதல் ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு வந்தது. ஒரு ஆளுக்கு அதிகம் கொடுத்தால் இன்னொரு ஆளுக்குக் குறைக்க வேண்டும். வயதான வீரருக்கு நன்றிக்காகச் சம்பளம் கொடுப்பது அன்றோடு மிகவும் கஷ்டமாகிவிட்டது.

டாகின்ஸ் வந்தது இந்தப் புதிய காலத்தில்தான். 1996 தேர்வில் 61-வது ஆளாக ஈகிள்ஸுக்கு வந்தார். மைதானத்துக்குள் நுழையும்போது நான்கு காலில் ஊர்ந்து வருவார். 'வுல்வரின்' என்று பட்டப்பெயர். அவர் இடித்தால் டிவியில் பார்ப்பவருக்கே வலிக்கும் என்பார்கள். 2002-இல் ஹூஸ்டன் அணியோடு நடந்த ஆட்டத்தில் ஒரு சாக் எடுத்தார், எதிரணி எறிந்த பந்தை நடுவில் புகுந்து பிடித்தார், ஒருவர் கையிலிருந்த பந்தைத் தட்டி விழ வைத்தார். அதெல்லாம் போதாது என்று தன் அணி தாக்கும்போது பந்தைப் பிடித்து டச்டவுனும் அடித்தார். ஒரே ஆட்டத்தில் இந்த நான்கையும் செய்த முதல் ஆள் அவர்தான்.

இவ்வளவு முரட்டு ஆள் உள்ளுக்குள் எப்படி இருந்தார் தெரியுமா? வந்த புதிதில் கடுமையான மனச்சோர்வில், தற்கொலை எண்ணம் வரை போயிருந்தார். எம்மிட் தாமஸ் என்ற பயிற்சியாளர்தான் உதவி தேடிக்கொள்ளச் சொன்னார். 2018-இல் 'ஹால் ஆஃப் ஃபேம்' மேடையில் டாகின்ஸே இதை வெளிப்படையாகப் பேசினார்.

13 வருடம் ஒரே அணி. 2009 பிப்ரவரி கடைசியில், 35 வயதில், டென்வர் பிராங்கோஸுக்குப் போய்விட்டார். ஐந்து வருட ஒப்பந்தம். அப்போது செய்திகளில் வந்த தொகையைப் பாருங்கள்: அதே 1 கோடியே 70 லட்சம் டாலர்! ஈகிள்ஸ் அந்த அளவுக்கு வரவில்லை.

ஊர் கொந்தளித்தது. அதில் ஒரு சம்பவம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஈகிள்ஸ் மைதானத்தின் வாசலில் பகுதி நேர வேலை பார்த்த ஒருவர், தீவிர ரசிகர். வருத்தத்திலும் ஆத்திரத்திலும் ஃபேஸ்புக்கில் அணியைத் திட்டி ஒரு வரி எழுதிவிட்டார். வேலை போய்விட்டது, அதுவும் தொலைபேசியிலேயே! இதைக் கேள்விப்பட்ட டாகின்ஸ் ஒரு காரியம் செய்தார். டென்வர் அணி பிலடெல்ஃபியாவுக்கு ஆட வரும்போது தனக்குக் கிடைக்கும் இரண்டு டிக்கெட்டுகளையும் அந்த மனிதருக்குத் தருவதாகச் சொன்னார்.

அந்த ஆட்டம் 2009 டிசம்பர் 27-இல் நடந்தது. டாகின்ஸ் எதிரணி உடையில் வந்தார். கிறிஸ்துமஸ் தாத்தாவையே விட்டுவைக்காத ஊர், எழுந்து நின்று கைதட்டியது. பிறகு ஆட்டம் தொடங்கியதும் தன் அணிக்காகத்தான் கத்தியது. நான்கு நொடி மிச்சமிருக்கும்போது அடித்த ஃபீல்ட் கோலில் ஈகிள்ஸ் 30-27 என்று ஜெயித்தது. அன்று ரசிகர்களுக்கு இரண்டு ஆசையும் நிறைவேறியது.

வணிகவியல் மாணவனாக நான் நிர்வாகத்தின் பக்கமும் பார்த்தாக வேண்டும். சம்பளம் என்பது இனிமேல் கிடைக்கப்போகும் உழைப்புக்கான விலை. 35 வயது உடம்பிடம் இனி எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குப் போட்டது தப்பே இல்லை. (டென்வரில் அவர் இரண்டு முறை 'ப்ரோ பவுல்' தேர்வு வாங்கினார் என்பதால் அந்தக் கணக்கு கொஞ்சம் உதைக்கிறது, அது வேறு விஷயம்.) ஆனால் ரசிகனின் கணக்குப் புத்தகம் வேறு. அவன் பார்ப்பது இதுவரை கிடைத்ததை. அதை எந்தச் சம்பளப் பட்டியலிலும் எழுத முடியாது, எந்த ஒப்பந்தத்திலும் சேர்க்க முடியாது. அந்தக் கடனை அடைக்க அவனிடம் இருக்கும் ஒரே நாணயம் கைதட்டல்தான்.

அந்தக் கடனுக்கும் கெடு உண்டு என்பதற்கு ரெஜி வைட்தான் சாட்சி. ஈகிள்ஸ் அவருடைய 92-ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று விழா எடுத்தது 2005 டிசம்பரில். அவர் 2004 டிசம்பர் 26-இல், 43 வயதிலேயே இறந்துபோயிருந்தார். மைதானம் முழுக்கக் கைதட்டியது. கேட்க வேண்டிய ஆள் இல்லை.

டாகின்ஸ் விஷயத்தில் அப்படி ஆகவில்லை. 2012 ஏப்ரலில் ஓய்வு அறிவித்தவர், ஈகிள்ஸ் வீரராகவே விடைபெற வேண்டும் என்று ஒரே ஒரு நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதே வருடம் செப்டம்பர் 30-இல் அவருடைய 20-ஆம் எண்ணுக்கும் விழா எடுத்தார்கள். இந்த முறை உரியவர் மைதானத்தில் நின்று, தன் காதால் கேட்டார்.

போகிற ஆளை நிறுத்துவது ரசிகன் கையில் இல்லை. வாசலில் வேலை பார்த்தவருக்கு எழுதும் உரிமைகூட இல்லாமல் போனது. ஆனால் கைதட்டலை எப்போது கொடுப்பது என்பது மட்டும் ரசிகன் கையில்தான் இருக்கிறது. அடுத்த வருடம் நம் கல்லூரியில் ஓய்வு பெறுபவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள்.