யு-நோ: வயது வந்தோர்க்கான அறிவியல் புனைவுக் காட்சிப் புதினம் ஒன்றின் பாட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானில் 1996ஆம் ஆண்டு வெளியான ‘யு-நோ’, வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் முத்திரையுடன் விற்கப்பட்ட அறிவியல் புனைவுக் காட்சிப் புதினமாகும். அடுத்தடுத்த பதிப்புகளில் அதன் பாலியல் காட்சிகள் நீக்கப்பட்டன. ஓவியமும் இசையும் மாற்றம் பெற்றன. இப்படைப்பைத் திறனாய்வு செய்பவர் எந்தப் பதிப்பைப் பாடமாகக் கொள்கிறார் என்பது அவருடைய முடிவுகளையே மாற்றிவிடக் கூடியது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காட்சிப் புதினம், அறிவியல் புனைவு, பாடபேதம், தணிக்கை, கன்னோ ஹிரோயுகி

முன்னுரை

திரையில் ஓவியமும் உரையும் இசையும் இணைந்து வர, படிப்பவர் இடையிடையே தம் தேர்வுகளால் கதையை நகர்த்திச் செல்லும் கணினிவழிக் கதைவடிவம் காட்சிப் புதினம் எனப்படும். சுன்சாஃப்ட் நிறுவனம் 1992இல் ‘ஒதோகிரிசோ’ என்னும் படைப்பை ‘சவுண்ட் நாவல்’ என்ற பெயரில் வெளியிட்டது. 1996 ஜனவரியில் லீஃப் நிறுவனம் ‘ஷிசுகு’வைத் தனது ‘விஷுவல் நாவல்’ வரிசையின் முதல் படைப்பாக வெளியிட்ட பின்னர் இப்பெயர் வழக்கில் ஊன்றியது. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று எல்ஃப் நிறுவனம் வெளியிட்ட படைப்பே ‘கோனோ யோ நோ ஹாதே தே கோய் ஓ உதாவு ஷோஜோ யு-நோ’. இவ்வுலகின் விளிம்பில் காதலைப் பாடும் பெண் யு-நோ என்பது தலைப்பின் பொருள். படத்தின்மேல் சுட்டியை நகர்த்திப் பொருள்களைத் தேடவேண்டியிருப்பதால் இது காட்சிப் புதினமன்று, சாகச விளையாட்டே என்று வாதிடுவோர் உண்டு. வகைப்பெயர் குறித்த இவ்வழக்கு தீராதது. வாசகர் பெரும்பகுதி நேரம் செய்வது படித்தலே என்பதால் இங்குக் காட்சிப் புதினம் என்றே குறிக்கப்படுகிறது.

முத்திரையின் பின்னணி

ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆபாசப் பொருள்களைப் பரப்புதலைத் தண்டனைக்குரியதாக்குகிறது. கணினி விளையாட்டுகள் நெடுங்காலம் இப்பிரிவின் பார்வைக்கு அப்பாலேயே இருந்தன. 1991இல் பள்ளி மாணவர் ஒருவர் ‘சாவோரி’ என்னும் வயது வந்தோர்க்கான மென்பொருளைக் கடையில் திருடி அகப்பட்டதைத் தொடர்ந்து, அத்தகைய மென்பொருளை வெளியிட்ட நிறுவனங்களின் பொறுப்பாளர்கள் கைதாயினர். இதன் விளைவாக 1992இல் கணினி மென்பொருள் நெறிமுறை அமைப்பு உருவாயிற்று. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு விற்கலாகாது என்னும் ஒட்டுச்சீட்டு உறையில் இடம்பெறலாயிற்று.

இந்த முத்திரை ஒரு வேலி. வேலி வெளியாரைத் தடுப்பதுபோலவே உள்ளிருப்போர்க்கு இடத்தையும் வரையறுத்துக் கொடுக்கிறது. நின்டெண்டோ, சேகா முதலிய நிறுவனங்களின் வீட்டு விளையாட்டுப் பொறிகளுக்கு எழுதப்பட்டவை அந்நிறுவனங்களின் ஒப்புதலைப் பெறவேண்டியிருந்தது. 1982இல் என்இசி நிறுவனம் அறிமுகப்படுத்திய பிசி-98 வரிசைக் கணினிக்கோ அத்தகைய கட்டாயம் இருக்கவில்லை. பாலியல் காட்சிகள் சில இருந்தால் வாங்குவோர் இருந்தனர். எஞ்சிய பக்கங்களில் எதை எழுதுவது என்பது எழுத்தாளரிடமே விடப்பட்டது. அந்த இடைவெளியைக் கன்னோ ஹிரோயுகி அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டவர் சிலரே. அந்நாளில் கென்னோ யுகிஹிரோ என்னும் புனைபெயரில் எழுதிய அவர், சீஸ் வேர் நிறுவனத்தில் ‘டிசையர்’ (1994), ‘ஈவ் பர்ஸ்ட் எர்ரர்’ (1995) ஆகியவற்றைப் படைத்த பின்னரே எல்ஃபுக்கு வந்தார். ஒரே நிகழ்வை இருவர் நோக்கில் மாறிமாறிச் சொல்லும் ‘ஈவ்’ உத்தி, ‘யு-நோ’வுக்கு முன்னோட்டம் எனலாம்.

கதையும் கருவியும்

கதைத்தலைவன் அரிமா தகுயா. அவன் தந்தை கோதாய் ஒரு வரலாற்றறிஞர். இறந்துவிட்டார் என்று எல்லாரும் நம்பியிருக்கும் வேளையில் அவரிடமிருந்து ஒரு பொதி வருகிறது. அதனுள் மடலும் ‘ரிஃப்ளெக்டர்’ என்னும் கருவியும் உள்ளன. அவருடைய கோட்பாடு, காலம் மீளக்கூடியது, வரலாறு மீளாதது என்பதாகும். முற்கணத்துக்குத் திரும்பலாம், ஆனால் திரும்பிச் சென்றவன் புதியதொரு கிளையில்தான் நிற்பான், நடந்தது நடந்ததாகவே இருக்கும். காலப்பயணக் கதைகள் பலவும் கடந்ததைத் திருத்தும் ஆசையில் நகர, இக்கதையோ அவ்வாசைக்கு முதலிலேயே ஒரு மறுப்பை வைத்துவிட்டு நகர்கிறது.

கோட்பாடு உரையாடலோடு நிற்காமல் படிக்கும் முறையாகவே வடிவெடுத்திருப்பது இப்படைப்பின் தனிச்சிறப்பு. வழக்கமான காட்சிப் புதினத்தில் வாசகர் வேண்டிய இடத்தில் சேமித்து, பிழையான தேர்வுக்குப்பின் அங்கே திரும்புவார். கதைமாந்தர்க்கு அச்செயல் தெரியாது. ‘யு-நோ’வில் அவ்வாறு திரும்புதலே கதைக்குள்ளான செயல். எண்ணிக்கையில் குறைந்த மணிகளுள் ஒன்றை ஒரு கணத்தில் பதித்துவைத்தால் தகுயா பின்னர் அக்கணத்துக்கு மீள்கிறான். கையிலுள்ள பொருள்கள் அவனோடு வருகின்றன. ஒரு கிளையில் கிடைத்த பொருளே மற்றொரு கிளையின் பூட்டைத் திறக்கிறது. கடந்துவந்த கிளைகள் யாவும் திரையில் வரைபடமாக விரிகின்றன. ஆட்டோ டைவர்ஜ் மேப்பிங் சிஸ்டம் என்று இம்முறைக்குப் பெயர். 2001இல் வெளிவந்த நூலில் அசுமா ஹிரோகி, பின்னைநவீனத்துவ நுகர்வின் இரட்டை அடுக்கை விளக்க இப்படைப்பை எடுத்துக்கொண்டது தற்செயலன்று. மேற்பரப்பில் தனித்தனிக் கதைகள், ஆழத்தில் அவற்றைப் பிறப்பிக்கும் அமைப்பு என்னும் பிளவு இங்குக் கதைப்பொருளாகவே ஆகிவிடுகிறது.

கிளைகள் முடிந்தபின் தகுயா தேலா கிராந்தே என்னும் வேற்றுலகை அடைகிறான். இப்பகுதியில் வரைபடம் இல்லை. தேர்வுகளும் மிகக் குறைவு. ஆண்டுகள் ஒரே கோட்டில் ஓடுகின்றன. அங்கே அவன் இல்லறம் மேற்கொள்கிறான். அவனுக்குப் பிறக்கும் மகளே தலைப்புக்குரிய யு-நோ. முன்பகுதியின் நுட்பத்துக்கு இப்பகுதி ஈடாகவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், திரும்பிச் செல்ல வழியற்ற காலத்தை வாசகர் உணரும் இடமும் இதுவே.

பதிப்புகளும் நீக்கங்களும்

முதற்பதிப்பு, 4096 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் 16 நிறங்களை மட்டும் காட்டக்கூடிய கணினிக்காக வரையப்பட்டது. புள்ளிகளை அடுத்தடுத்து வைத்து இல்லாத நிறத்தை இருப்பதுபோல் தோற்றுவித்தனர். உமெமோத்தோ ரியூ முதலியோரின் இசையும் அக்கணினியின் ஒலிச்சில்லுக்கென்றே அமைந்தது. 1997இல் சேகா சாட்டர்ன் பொறிக்கு வந்தபோது குரல்நடிப்பு சேர்ந்தது. வெளிப்படையான பாலியல் காட்சிகள் நீங்கின. 2000இல் விண்டோஸ் பதிப்பு வந்தது. 2011இல் ஆர்வலர் குழு ஒன்று ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. விண்டோஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, சாட்டர்ன் பதிப்பின் குரல்களையும் பிசி-98 பதிப்பின் இசையையும் அதனோடு இணைத்தது அக்குழு. பல சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தை அமைக்கும் பதிப்பாசிரியரின் பணியே இது. எந்தவொரு காலத்திலும் விற்பனைக்கு வராத ஒரு பாடம் இவ்வாறு தோன்றியது. அதே 2011இல் உமெமோத்தோவும் கன்னோவும் மறைந்தனர். 2017இல் மேஜஸ் நிறுவனம் புதிய ஓவியங்களுடன் மறுஆக்கத்தை வெளியிட்டது. 2019இல் அது ஆங்கிலத்திலும் வந்தது.

நீக்கங்கள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் தவறு. முதற்பகுதியின் பாலியல் காட்சிகளுள் சில, சந்தைக்காகச் செருகப்பட்டவை. அவை போனதால் கதைக்கு இழப்பில்லை. இதை ஒப்புக்கொள்ளத் தயங்கும் ஆர்வலர் எழுத்துகள் படைப்புக்கு நன்மை செய்வதில்லை. ஆனால் வரலாறு மீளாதது என்னும் கோட்பாட்டுக்கு இப்படைப்பு தரும் சான்று உடல் சார்ந்தது. உறவு, கருவுறுதல், பிறப்பு, இழப்பு ஆகியவை எந்த மணியாலும் திருப்பமுடியாதவை. இருவர் உறவைத் திரை இருண்டு மறைக்கும்போது நிகழ்ச்சி மிஞ்சுகிறது. அதன் கனம் குறைகிறது.

மறுபுறம், குடும்ப உறவுக்குள் பாலுறவு என்னும் விலக்கப்பட்ட பொருளை இப்படைப்பு கையாளும் முறை கடுமையான வினாவுக்கு உரியது. அதை மரபின் பெயராலோ புனைவுச் சுதந்திரத்தின் பெயராலோ கடந்துபோவது திறனாய்வாகாது. நீக்கப்பட்ட பதிப்பை மட்டும் படிப்பவர் இவ்வினாவையே முழுமையாக எழுப்ப முடியாமற்போகிறது. தணிக்கை படைப்பைத் தூய்மையாக்கியது என்பதைவிட, அதன் மீதான குற்றச்சாட்டுக்குரிய சான்றுகளைக் குறைத்தது என்பதே பொருந்தும்.

திறனாய்வாளர் முன்னுள்ள பாடம்

காலக் கிளைகளைக் கையாண்ட ‘ஸ்டைன்ஸ்;கேட்’ 2009இல் வீட்டுப் பொறிக்கே நேரடியாக வெளியாகிப் பரந்த வாசகரைப் பெற்றது. அதற்குப் பின்னின்ற ஷிகுரா சியோமாருவின் நிறுவனமே ‘யு-நோ’வின் மறுஆக்கத்தையும் வெளியிட்டது. ஒருகாலத்தில் வேலிக்குள் மட்டும் எழுதக் கூடியதாயிருந்த கதைமுறை, 13 ஆண்டுகளில் பொதுவெளிக்கு வந்துவிட்டதை இது காட்டுகிறது. முறை வெளியே வந்தது. அதைப் பிறப்பித்த முதற்பாடமோ பழங்கணினியோடு பின்தங்கியது.

ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் வட்டு வடிவிலான மின்வெளியீடுகளைச் சட்டப்படி பெறத் தொடங்கியது 2000 அக்டோபரில்தான். 1996இன் ‘யு-நோ’ அக்கடப்பாட்டுக்கு முந்தியது. பிசி-98 கணினியின் உற்பத்தி 2003இல் நின்றது. காந்த வட்டுகளின் ஆயுளும் முடிவற்றதன்று. எனவே முதற்பதிப்பைக் காண விழையும் ஆய்வாளர் தனியார் சேகரிப்புகளையும், பழங்கணினியைப் போலச் செயற்படும் மென்பொருளையும் நாடவேண்டியுள்ளது. ‘யு-நோ’ குறித்த மதிப்புரை எதுவாயினும், எந்தப் பதிப்பு, எந்தப் பொறி, எந்த மொழி, எவ்வெக் கிளைகள் வரை படிக்கப்பட்டது என்பதை முதற்பத்தியிலேயே சொல்லியாக வேண்டும். 2017 மறுஆக்கத்தின் ஓவியங்களை வைத்து 1996இன் அழகியலை மதிப்பிடுவதும், சாட்டர்ன் பதிப்பை வைத்து அதன் அறத்தை மதிப்பிடுவதும் இல்லாத ஒரு நூலுக்கு எழுதப்பட்ட மதிப்புரைகளே.