ஒளியே சம்மட்டி

கொல்லர் பட்டறையில் இரும்புக்கு இரண்டு பக்குவம்: நெருப்பு ஒன்று, அடி ஒன்று. உலோக முப்பரிமாண அச்சில் நெருப்பு உண்டு, அடி இல்லை. பரப்பி வைத்த உலோகப் பொடியை லேசர் கற்றை வேண்டிய இடங்களில் உருக்குகிறது. அது உறைந்ததும் மேலே அடுத்த அடுக்குப் பொடி விழுகிறது. ஓர் அடுக்கின் கனம் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான். இப்படி ஆயிரக்கணக்கான அடுக்குகள் ஏறி, வார்ப்பிலும் கடைசலிலும் நினைத்தே பார்க்க முடியாத வடிவங்கள் உருவாகின்றன.

வடிவம் கிடைத்துவிடுகிறது; வலிமைதான் சிக்கல். அச்சிட்ட பொருளை அடித்தட்டிலிருந்து அறுத்தெடுக்கும்போது, ஒரு முனையில் மட்டும் பிடிமானமுள்ள மெல்லிய நீட்டங்கள் கண்ணெதிரே மேல்நோக்கி வளைந்து எழுவதுண்டு. உருகிய உலோகம் நொடிக்கு லட்சம் டிகிரிக்கும் மேற்பட்ட வேகத்தில் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. கீழே ஏற்கெனவே உறைந்திருக்கும் உலோகம் விடுவதில்லை. இந்த இழுபறி இழுவிசைத் தகைவாக உள்ளேயே தங்கிவிடுகிறது. பாரம் எதுவும் ஏறுவதற்கு முன்பே பொருள் பாரம் சுமக்கிறது என்று சொல்லலாம். அதிர்வும் சுமையும் மாறி மாறி வரும் விமான உறுப்புகளில் விரிசல் பிறக்க இது போதும்.

இதற்கு மருந்து, அச்சில் இல்லாமல் போன அந்த அடிதான்; அதை ஒளியாலேயே கொடுக்கலாம். ஒளியால் அடிக்கும் கலை அச்சுக்கு முந்தியது. லேசர் ஷாக் பீனிங் என்னும் இம்முறை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரின் பாட்டெல் ஆய்வகத்தில் 1960களின் இறுதியிலிருந்து வளர்ந்தது. உலோகத்தின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் ஓடும். சில நானோநொடிகளே நீடிக்கும் லேசர் துடிப்பு அதைக் கடந்து பரப்பைத் தொட்டதும் அங்கே பிளாஸ்மா வெடித்து எழுகிறது. தண்ணீர் அதை மேலே விரியவிடாமல் அமுக்குவதால், வேகம் முழுவதும் கீழே திரும்பி, பல பத்தாயிரம் வளிமண்டல அழுத்தத்துடன் அதிர்வலையாக உலோகத்துக்குள் பாய்கிறது. அலை கடந்த பகுதி நிலையாக நசுங்கி, அங்கே அமுக்கத் தகைவு குடியேறுகிறது. விரிசல் வாய் திறக்க முயன்றால் இந்த அமுக்கம் அதை மூடிப் பிடிக்கும். பி-1பி குண்டுவீச்சு விமானத்தின் எஃப்101 எஞ்சினில், உறிஞ்சப்பட்ட சிறு பொருள்கள் மோதி டைட்டேனியம் விசிறி இதழ்களின் விளிம்பு சிதைந்துகொண்டிருந்தது. 1990களில் அந்த விளிம்புகளுக்கு இந்த வைத்தியத்தைத்தான் செய்தார்கள்.

இதன் அடி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கும். சிறு குண்டுகளை வீசிச் செய்யும் வழக்கமான ஷாட் பீனிங்கைவிட இது பல மடங்கு அதிகம். ஆயினும் முடிந்த பொருளுக்கு அது மேல்தோல் வைத்தியமே. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் ரோலான் லோஜே குழுவினர் கண்டுகொண்டது இங்கேதான் உதவுகிறது: அச்சில் வளரும் பொருளுக்குள் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சமயம் மேற்பரப்பாக இருந்ததுதான். சில அடுக்குகளை அச்சிட்டு, நிறுத்தி, அடித்து, மீண்டும் அச்சிட்டால் அமுக்கத்தைப் பொருளின் நடுவிலும், நாம் விரும்பிய இடத்தில் மட்டும், புதைத்து வைக்கலாம். 2017இல் வெளிவந்த இந்த யோசனை பின்னர் நிக்கல் மீவுலோகக் கலவையான (சூப்பர்அலாய்) சிஎம்247எல்சி மீதும் சோதிக்கப்பட்டது. வெல்டிங் செய்தாலே வெடிக்கும் பிடிவாதக்காரப் பொருள் அது. இடையிடையே அடித்து அச்சிட்டதில் விரிசலடர்த்தி 95 விழுக்காடு வரை குறைந்தது. எந்த அச்சுப் பொருளிலும் இத்தகைய முன்னேற்றத்தைப் பெரிதாகவே மதிக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜில் மத்தேயோ சைட்டா குழுவினர் 2023இல் வேறு பாதையில் சென்றனர். அவர்களுக்குத் தண்ணீரும் வேண்டாம், இரண்டாவது லேசரும் வேண்டாம். அச்சிடும் லேசரே 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நுண்ணிய சம்மட்டிபோல் இறுக்குகிறது. அதே இடத்தை மறுபடி உருக்கினால் அந்த இறுக்கம் தளர்கிறது. பிறகு உலையில் சூடேற்றும்போது, தளர்ந்த இடங்களின் படிக அமைப்பு மாறி அமைகிறது. இதனால் கடினமான பகுதியும் நெகிழ்வான பகுதியும் மாறி மாறி வருமாறு பொருளைத் திட்டமிட்டு அச்சிட முடிந்தது. அதன் தரம் காய்ச்சி அடித்த எஃகுக்கு இணையாக நின்றது.

தொழிற்சாலைக்கு முதலில் போய்ச் சேரக்கூடியது கேம்பிரிட்ஜ் வழியே என்பது என் கணிப்பு. இருக்கும் எந்திரத்தில் கற்றையின் ஓட்டத்தை மாற்றினால் வேலை தொடங்கிவிடும். லோசான் வழியில் உலர்ந்திருக்க வேண்டிய பொடியருகே தண்ணீர் வருகிறது. அச்சு நடுவே பொருளை வெளியே எடுத்து அடித்து, மைக்ரான் பிசகாமல் திரும்ப வைக்கவும் வேண்டும். ஆனால் டர்பைன் இதழ்போல் விரிசலே கூடாத உறுப்புக்கு இந்தச் சிரமம் தகும். இரு வேலையையும் ஒரே அறையில் முடிக்கும் எந்திரத்தை உருவாக்குவதில்தான் இனி உழைப்பைக் கொட்ட வேண்டும்.