நொதித்தல் நின்றதா, முடிந்ததா?

கோலி சோடாவைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று சீறும் வாயுவை நீங்கள் அறிவீர்கள். கரியமில வாயுவை அளவோடு அடைத்தால் சோடா. அளவு மீறினால் புட்டியே வெடிக்கும். பீர் தயாரிப்போரை நெடுங்காலம் அச்சுறுத்திய சிக்கலும் இதுவே. புட்டியில் அடைத்த பின்னும் நொதித்தல் தொடர்ந்தால், வாயு வெளியேற வழி ஏது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லிட்டர் பீரில் 4 கிராம் குளுக்கோஸ் மீந்திருக்கிறது என்போம். ஈஸ்ட் அதை உண்டால் சுமார் 2 கிராம் கரியமில வாயு பிறக்கும். சாதாரண அழுத்தத்தில் அதற்கு ஏறக்குறைய 1 லிட்டர் இடம் வேண்டும். 12 கிராம் மீந்தால் 3 லிட்டர்!

அப்படியானால் நொதித்தல் முடிந்ததை எவ்வாறு அறிவது? குமிழிகள் நிற்பதைக் கொண்டு சொல்லலாமா? குமிழி நம்பத்தக்க சாட்சி அன்று. சர்க்கரை மீந்திருக்கும்போதே குளிரால் ஈஸ்ட் ஓய்ந்துவிடலாம். நொதித்தல் முடிந்த பின்னும், கரைந்திருந்த வாயு வெப்பத்தால் வெளியேறிக் குமிழியிடலாம்.

இங்கேதான் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் துணைக்கு வந்தது. பால் சங்கத்தில் பாலில் மிதக்கவிடும் லாக்டோமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதன் உடன்பிறப்புதான் திரவமானி. சர்க்கரைக் கரைசல் நீரைவிட அடர்த்தி மிக்கது. ஆல்கஹால் நீரைவிட லேசானது. எனவே நொதித்தல் நடக்க நடக்கத் திரவத்தின் ஒப்படர்த்தி குறையும். திரவமானி மேலும் ஆழ்ந்து மிதக்கும்.

இங்கிலாந்தின் ஆல்டன் என்னும் ஊரில், 1770-ஆம் ஆண்டையொட்டி, ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர் இக்கருவியைப் பீர் ஆலைக்குள் கொண்டுவந்தார். தந்தைக்கு இப்புதுமை பிடிக்காததால், அவர் கண்ணில் படாமல் மறைத்தே சோதனைகள் செய்தார். 1784-இல் ஜான் ரிச்சர்ட்ஸன் பீர் தொழிலில் திரவமானியின் பயனைப் பற்றி நூலே எழுதினார்.

முளைகட்டிய பார்லியின் சாறு 1.048 என்ற ஒப்படர்த்தியில் தொடங்கி 1.010 அளவில் நிற்கலாம். ஈஸ்டால் உண்ண முடியாத சர்க்கரைகளும் அதில் இருப்பதால், முடிவெண் சாற்றுக்குச் சாறு மாறும். ஆகவே ஒரு நாள் எடுத்த எண் விடையாகாது. இரண்டு மூன்று நாள், ஒரே வெப்பநிலையில் அளந்தும் எண் மாறாதிருக்க வேண்டும். அந்த எண், எதிர்பார்த்த அளவுக்கு இறங்கியும் இருக்க வேண்டும். மேலேயே நின்றுவிட்டால், ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. உறங்குகிறது என்று பொருள்.

நம் கோவைக்கு அண்மையில், நீலகிரியில், 1857-இல் காஸில் பீர் ஆலை தோன்றியது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவின் 5 ஆலைகளை ஒன்றாக்கியபோது அவற்றுள் பழமையானது இதுவே. மலையின் குளிர் பீர் தயாரிப்புக்கு ஏற்றது. ஆனால் அதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. 1899-இல் குன்னூருக்கு ரயில் வரும்வரை மலைச் சரக்குகள் வண்டிப் பாதையில்தான் சமவெளிக்கு இறங்கின. மலைக் குளிரில் உறங்கிய ஈஸ்ட், மேட்டுப்பாளையத்து வெயில் பட்டால் விழித்துக்கொள்ளும் அல்லவா? நின்றதா, முடிந்ததா என்ற கேள்வியின் கூர்மை இங்கே விளங்கும்.

அதே 1857-இல்தான், நொதித்தல் உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்று லூயி பாஸ்டர் எடுத்துரைத்தார். பேவர்ஸ்டாக் அளக்கத் தொடங்கி ஏறக்குறைய 87 ஆண்டுகள் கழிந்திருந்தன! நொதித்தல் என்றால் என்ன என்று தெளியும் முன்பே, அது முடிந்ததை அளந்தறிய மனிதன் கற்றுவிட்டான்.

பிராகா நகரத்துப் பாலிங் 1843-இல் சர்க்கரைக் கரைசல்களுக்கு ஓர் அளவுகோல் அமைத்தார். அதைத் திருத்தியவர் பிரிக்ஸ். 1912-இல் கோவையில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனத்திலும், கொங்கு நாட்டுச் சர்க்கரை ஆலைகளிலும் அவர் பெயர் இன்றும் வழங்குகிறது. கரும்பில் பிரிக்ஸ் எண் ஏறுவதற்குக் காத்திருக்கிறோம். பீரில் அது இறங்கி நிற்பதற்குக் காத்திருக்கிறார்கள். இரண்டிலும் ஓர் அளவை மட்டும் நம்பிவிடாமல், மறுநாளும் அளந்து பார்ப்பதே அறிவியல் முறை.