தணிக்கைக்குப் பிந்தைய கொரியத் திரைப்படம்

தென்கொரியத் திரைப்படங்கள் குற்றப்புலனாய்வு, திகில், குடும்ப நாடகம் எனப் பல வகைமைகளில், அதாவது கதைப்போக்கால் ஒத்த படத் தொகுதிகளில், இன்று உலகெங்கும் பார்க்கப்படுவதற்கு 1990களின் மாற்றங்களே அடித்தளமிட்டன. படம் வெளியாகுமுன் அரசு சார்ந்த அமைப்பு அதை ஆராய்ந்து வெட்டும் முன்தணிக்கை முறை அரசமைப்புக்கு முரணானது என 1996 அக்டோபரில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் பூசான் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியிருந்தது. ஆண்டில் குறிப்பிட்ட நாள்கள் உள்நாட்டுப் படங்களையே திரையிட வேண்டும் என்ற 'திரை ஒதுக்கீடு', 2006இல் 146 நாள்களிலிருந்து 73 ஆகக் குறைக்கப்படும் வரை, ஹாலிவுட் போட்டியிலிருந்து அத்தொழிலுக்கு ஓரளவு காப்பளித்தது.

வடகொரிய உளவாளிகளைப் பற்றிய 'ஷிரி' 1999இல் உள்நாட்டுப் பார்வையாளர் எண்ணிக்கையில் 'டைட்டானிக்'கை விஞ்சியது. 2003இல் வெளியான பொங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்', 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் நிகழ்ந்த தொடர் கொலைகளைக் களமாகக் கொண்டு, தடயமான காலடிச் சுவட்டின் மீது டிராக்டர் ஏறிச் செல்ல, புலனாய்வாளர் தடுக்க இயலாமல் நிற்கும் காட்சியில் நகைப்பையும் கையறுநிலையையும் ஒருசேர வைத்து, அக்காலக் காவல்துறையின் திறனின்மையை விமர்சித்தது. அதே ஆண்டில் கிம் ஜீ-வூன், ஜோசோன் அரசர் காலத்து மாற்றாந்தாய்க் கதையொன்றைத் தழுவி 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' என்ற திகில் படத்தை எடுத்தார். நகைச்சுவையில் தொடங்கி வன்முறையில் முடிந்து, கான் விழாவின் தங்கப்பனையையும் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் பெற்ற 'பாரசைட்' (2019), வகைமைகளைக் கலக்கும் இம்மரபின் தொடர்ச்சியே ஆகும்.