ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்: உலகையே திருப்பிய ஆய்வு 13 நாளில் வாபஸ் ஆனது ஏன்?

கொரோனா முதல் அலையில் எல்லார் வாயிலும் அடிபட்ட மாத்திரை ஞாபகம் இருக்கா? மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான் அது. சுகாதாரப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக இதைச் சாப்பிடலாம் என 2020 மார்ச்சிலேயே ஐசிஎம்ஆர் பரிந்துரைத்தது.

மே 22-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். மாத்திரை எடுத்தவர்களிடம் இறப்பும், இதயத்துடிப்புக் கோளாறும் அதிகம் என்றது. உலக சுகாதார அமைப்பு தன் பரிசோதனையில் இந்த மருந்தை நிறுத்திவைப்பதாக மே 25-ல் அறிவித்தது. வேறு சில பரிசோதனைகளும் நின்றன.

எங்கே இடிச்சது?

ஆஸ்திரேலியா கணக்கில்! ஏப்ரல் 21 வரை அங்கே 5 மருத்துவமனைகளில் 73 பேர் இறந்ததாக ஆய்வு சொன்னது. ஆனால் அந்தத் தேதி வரை நாடு முழுவதும் பதிவான கொரோனா மரணங்களே 67தான். ஆசியாவைச் சேர்ந்த ஒரு மருத்துவமனை தவறுதலாக அதில் சேர்ந்துவிட்டது என்றது தரவுகளைத் தந்த அமெரிக்க நிறுவனமான 'சர்ஜிஸ்ஃபியர்'. 100-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கேள்வி கேட்டு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

யாருமே செக் பண்ணலையா?

இதழ்கள் நிபுணர்களை வைத்துத்தான் கட்டுரையைச் சரிபார்க்கின்றன. ஆனால் அவர்கள் படிப்பது கட்டுரையை. அதற்கு அடியில் இருக்கும் நோயாளிகள் பட்டியலைப் பெரும்பாலும் திறந்து பார்ப்பதில்லை. இங்கே இன்னும் மோசம்: கட்டுரையில் பெயர் போட்ட மற்ற மூன்று பேருமே மூலத் தரவைப் பார்க்கவில்லை. நான்காவது ஆள், அந்த நிறுவனத்தின் தலைவர்.

தனி நிபுணர்கள் தரவைக் கேட்டபோது, மருத்துவமனைகளுடன் ஒப்பந்தம் இருக்கிறது என்று நிறுவனம் தர மறுத்தது. ஜூன் 4-ல் அந்த மூவரும் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இதே நிறுவனத்தின் தரவை நம்பிய இன்னொரு கட்டுரையும் அதே நாளில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழிலிருந்து வாபஸ் ஆனது.

அப்போ மாத்திரை வேலை செஞ்சுதா?

இல்லை. மறுநாளே, ஜூன் 5-ல், பிரிட்டனின் 'ரெக்கவரி' பரிசோதனை பதில் சொல்லிவிட்டது. யாருக்கு மாத்திரை, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்த ஆய்வு இது. மாத்திரை தரப்பட்ட 1,542 பேரில் 25.7% பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,132 பேரில் 23.5% பேரும் 28 நாளில் இறந்திருந்தார்கள். பலன் இல்லை என்பது உறுதியானது.

லான்செட் பிறகு விதியை மாற்றியது: கட்டுரை எழுதியவர்களில் ஒருவருக்கு மேற்பட்டோர் மூலத் தரவை நேரில் பார்த்து, சரிபார்த்ததாக எழுதித் தர வேண்டும்.